திரும்பி வந்த மூன்று தோட்டாக்கள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டின் தென்பகுதியில், அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தின் ஒரு காலைப் பொழுதில் நடந்தது. பொழிச்சலூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் காட்டெருமை வேட்டைக்குப் போனார் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. சில நாள் பால் வாங்கப் போகும்போது எனக்கே அது நினைவுக்கு வந்து, நானா போனேன் என்று நடுத்தெருவில் நின்றுவிடுகிறேன்.

பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சரக்கைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. போல்ட்டும் நட்டும் பேரிங்குமாக எண்ணியே முப்பத்துநாலு வருடம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணுவேன், லெவல் கிராஸிங்கில் நின்றால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். கவலைப்படுவதும் அதே மாதிரிதான். தாம்பரம் வரை போய்வருவதற்குள் கேஸை மூடினோமா என்று வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்வேன். அப்பாவுக்குக் கவலை இல்லாமல் போனால் அதையும் ஒரு கவலையாக வைத்துக்கொள்வார் என்று என் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை கூடுவாஞ்சேரிக்காரர், ஜாம்பியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் இன்ஜினீயர். கல்யாணமாகி எட்டு வருடத்தில் மகள் இரண்டு முறை கருவுற்று, ஒன்று மூன்றாம் மாதத்திலும் இன்னொன்று ஐந்தாம் மாதத்திலும் தங்காமல் போயிற்று. மூன்றாவது முறை ஆறு மாதத்தைத் தாண்டியதும், விமானப் பயணம் கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வளைகாப்புக்கு ஊருக்கு வர முடியாததால், வளையலையும் பொடி வகைகளையும் நான்கு பெட்டிகளில் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் அங்கே போனோம். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து போவதைத் தினமும் பார்ப்பவன் நான். ஒன்றில் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

போய்ச் சேர்ந்ததும் என் மனைவி வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மகளுக்கு என்ன சமைப்பது என்பதைவிட, மாப்பிள்ளை என்னென்ன செய்யக் கூடாது என்பதில்தான் அவள் அதிகக் கண்டிப்பாக இருந்தாள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, சாவு வீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது, எந்த உயிரையும் கொல்லக் கூடாது. கூடுவாஞ்சேரியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் தினமும் போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு அம்மாக்களுக்கும் கட்டுப்பட்டு கழுத்து மறையத் தாடி வளர்த்திருந்தார். ஆலையில் கேட்டவர்களிடம் அது ஸ்டைல் என்று சொல்லி வைத்திருந்தார். மகள் கர்ப்பமாக இருக்கும் விஷயம் ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. முதல் இரண்டு முறையும் சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லி, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததாம். கண் பட்டுவிடும் என்று இந்த முறை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஆலையின் முதலாளிக்குச் சொந்தமாகப் பெரிய வேட்டைப் பண்ணை ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு. உரிமம் வாங்கி, இத்தனை மிருகம்தான் என்று கணக்கு வைத்துச் சுடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஆலையிலிருந்து ஒருவரை அவர் தன்னோடு அழைத்துப் போய் முதல் வேட்டை ஆடவைப்பார். அது அங்கே பெரிய மரியாதை. அந்த வருடம் எல்லோர் முன்னிலையிலும் மாப்பிள்ளையின் தோளில் தட்டி, இந்த முறை நீ, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வா, காட்டெருமை காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். கைதட்டலில் மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து எங்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

என் மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். குக்கர் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னங்க, நீங்களும் கூடவே போங்க. அவர் கையால ஒரு உசுரு போகக் கூடாது. இது மூணாவது தடவைங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றால், உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டோர்ஸில் எங்கே கணக்கு உதைக்கிறதோ அங்கே காரணம் தெரியும் வரை ஒரு மூட்டையையும் நகர்த்த விடமாட்டேன். இரண்டு முறை ஏன் தவறியது என்று எந்த டாக்டரும் எங்களுக்குக் காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாத இடத்தில் எதையும் அசைக்காமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

பண்ணைக்குக் காரில் போக நான்கு மணி நேரம். வழியில் மாப்பிள்ளையிடம் பேச்சை எடுத்தேன். உள்ளதை முதலாளியிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே திருப்பிக் கேட்டார்.

"இங்கிலீஷ்ல இதை எப்படிச் சொல்றது மாமா? போன வருஷம் புது பாய்லருக்கு ஆடு வெட்டணும்னு ஒர்க்கர்ஸ் கேட்டாங்க. மூடநம்பிக்கைன்னு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன். இப்ப நானே போய், அவ மாசமா இருக்கா, நான் சுட மாட்டேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

அப்புறம் என்னதான் செய்வது என்றேன்.

"வேணும்னே குறி தப்பிடுவேன். தலைக்கு மேல விட்டா ஓடிடும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

டென்ஷன் ஆகாதீர்கள் என்று என்னிடம் சொல்வது தண்ணீரிடம் நனையாதே என்று சொல்வது மாதிரி. இருந்தாலும் யோசனை நல்லதாகவே தெரிந்தது.

பண்ணைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். புல் வேய்ந்த குடில்கள் ஐந்து. முதலாளி அந்த மண்ணிலேயே பிறந்த வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், நல்ல ஆகிருதி. அவருடைய வலதுகையாக இன்னொருவர் இருந்தார். மிருகங்களின் தடம் பார்த்து வழிகாட்டுவது அவர் வேலை. காட்டுக்குள் முதலாளியும் அவர் பின்னால்தான் நடக்க வேண்டும். தலையில் கம்பளிக் குல்லா, பத்து வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. வயதானவர்களை அங்கே மரியாதையாக 'ஃபாதர்' என்று கூப்பிடுவது வழக்கமாம். தாம்பரத்துக்காரனான எனக்கு ஃபாதர் என்றால் அங்கி போட்ட பாதிரியார்தான். நெற்றி நிறைய விபூதியோடு நின்ற என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதும் மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

மாலையில் அந்தத் தடம் பார்ப்பவர் எங்களோடு உட்கார்ந்து நிறையப் பேசினார். எல்லாம் குடும்ப விசாரணைதான். தனக்கு எட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பதினேழு என்றார். உடனே அந்த எண்ணிக்கையை நான் மனதில் குறித்துக்கொண்டேன். உங்களுக்கு எத்தனை என்று கேட்டார். ஒரே மகள் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் உண்டா என்றார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் விடவில்லை. மாப்பிள்ளையிடம் திரும்பி, மனைவி சௌக்கியமா, வீட்டில் ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் சௌக்கியம், விசேஷம் ஒன்றும் இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். ஊர்க்கதை கேட்பதில் எங்கள் தெருக்காரர்களை மிஞ்சிவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாகக் கூட இருந்தது.

அதன் பிறகு துப்பாக்கிப் பயிற்சி. ஒரு மரத்தில் அட்டையைக் கட்டி, மூன்று கால் உள்ள மரத்தாங்கி ஒன்றில் துப்பாக்கியை வைத்துச் சுடச் சொன்னார்கள். மாப்பிள்ளை கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர். மூன்று முறை சுட்டார். மூன்றும் நடுவட்டத்துக்குள் விழுந்தன. முதலாளி அவர் முதுகில் அடித்த அடி எனக்கே வலித்தது. தப்பாகச் சுடுவேன் என்றவர் இப்படிச் செய்கிறாரே என்று நான் முறைத்தேன். எல்லோரும் பார்க்கும்போது கை தானாகப் போய்விட்டது மாமா என்று பிறகு காதோடு சொன்னார். இனிமேல் சுடத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கும்போது முதலாளி இரண்டு விஷயம் சொன்னார். முதல் வேட்டையில் மிருகம் விழுந்தால் அதன் ரத்தத்தைத் தொட்டு, சுட்டவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் பூசுவார்களாம். பொழுது சாயும் வரை கழுவக் கூடாதாம். என் நெற்றியைக் காட்டி, உங்களுக்கு இது புதிதா என்ன என்று சிரித்தார். இரண்டாவதாக அவர் சொன்னது அதைவிட மோசம். காட்டெருமை மீது குண்டு படாமலே போனால் அது வெறும் சிரிப்பு, அரைகுறையாகப் பட்டால் அது சாவு என்றார். அடிபட்ட எருமை புதருக்குள் போய், வந்த வழியைப் பார்த்தபடி மறைந்து நிற்குமாம். தேடி வருகிறவனை நெருங்க விட்டுப் பாயுமாம். அப்படியே விட்டுவிட்டு வரவும் கூடாது, தேடிப் போய் முடித்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அப்படித் தேடும்போது முன்னால் போவது யார் என்று கேட்டேன். தடம் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே தன் பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால் பாதி இல்லை.

ஆக, மாப்பிள்ளை சரியாகச் சுட்டால் வீட்டில் இருப்பவர்கள் பயந்தது நடந்துவிடும். தப்பாகச் சுட்டால் எட்டுப் பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் புதருக்குள் முதல் ஆளாகப் போக வேண்டும். சுத்தமாகத் தலைக்கு மேல் விடுவது ஒன்றுதான் வழி. அதையே மனதில் உருட்டியபடி படுத்தேன். குளிரில் எத்தனை தடவை புரண்டேன் என்று கேட்காதீர்கள்.

காலையில் என்னை வண்டியிலேயே இருக்கச் சொன்னார்கள். நானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்கார் என்றால் உட்கார வேண்டும், மரம் ஏறு என்றால் ஏற வேண்டும், சம்மதமா என்றார். அறுபத்தெட்டு வயதில் மரம் ஏறுவதற்குத் தலையாட்டிவிட்டு, வழியெல்லாம் எனக்கு ஏற ஏதுவான மரங்களை எண்ணிக்கொண்டே போனேன். இரண்டுதான் தேறின.

நாங்கள் நான்கு பேர். முன்னால் தடம் பார்ப்பவர், அடுத்து முதலாளி, பிறகு மாப்பிள்ளை, கடைசியில் நான். தடம் பார்ப்பவர் ஒரு பழைய சாக்ஸில் சாம்பலைப் போட்டு முடிந்து வைத்திருந்தார். அவ்வப்போது அதை உதறி, தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். நம் வாடை மிருகத்துக்குப் போகாமல் காற்றுக்கு எதிராக நடக்க வேண்டுமாம். வழியில் கிடந்த சாணத்தில் விரலை விட்டுச் சூடு பார்த்தார். பக்கத்தில்தான் இருக்கின்றன என்று கையால் காட்டினார்.

ஆளுயரப் புற்று ஒன்று, இல்லை, எங்கள் வீட்டு முதல் மாடி உயரம் இருக்கும் கரையான் புற்று, அதன் ஓரமாக வந்து நின்றோம். எதிரே சரிவில் காட்டெருமைகள். கறுத்து, தடித்து, தலையில் நடு வகிடு எடுத்து வாரிய கூந்தலைப் போல இரண்டு பக்கமும் வளைந்த கொம்புகள். கண் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. இருபத்தேழு. எல்லாவற்றுக்கும் முன்னால், கூட்டத்தைவிட்டு விலகி, ஒரு கிழட்டுக் கடா மேய்ந்துகொண்டிருந்தது. அதுதான் என்று முதலாளி கண் காட்டினார். தடம் பார்ப்பவர் சத்தமில்லாமல் தாங்கியை விரித்து வைத்துவிட்டு நாலு எட்டு பின்வாங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளை துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, அதன் மேலிருந்த தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். கடாவுக்குப் பின்னால் நிலம் ஏறிப் போகிறது. அந்த மேட்டில் ஏழு நிற்கின்றன. ஐந்து பெரியவை, இரண்டு கன்றுகள். எங்கள் இடத்திலிருந்து பார்த்தால், கடாவின் முதுகுக்கு நேர் மேலே அவைதான் இருந்தன. தலைக்கு மேல் விடுகிறேன் என்று மாப்பிள்ளை விடும் குண்டு நேராக அவற்றில் ஒன்றின் மேல் போய்ப் பாயும். எங்கே பாயும், எப்படிப் பாயும் என்பது யாருக்கும் தெரியாது. தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்திருக்கிறவருக்குக் கடாவைத் தவிர வேறெதுவும் தெரியாது. முதலாளிக்கும் தெரிய நியாயமில்லை. குறி கடாவின் தோள்பட்டை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை அதன் தலைக்கு மேலே சுடப் போகிறார் என்பது தெரிந்தவன் நான் ஒருவன்.

கத்தினால் கூட்டம் என்ன செய்யும் என்று தெரியாது. மாப்பிள்ளை எனக்கு எட்டாத தூரத்தில் நின்றார். அவர் விரல் துப்பாக்கி விசைக்குப் போவது தெரிந்தது. நான் பக்கத்தில் நின்ற தடம் பார்ப்பவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். முப்பத்துநாலு வருடம் ரிப்போர்ட் எழுதியவன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, அவர் சுடக் கூடாது என்பதற்கு வீட்டில் இருந்த காரணம்தான் கையில் வந்தது. மாப்பிள்ளையைக் காட்டினேன். என் வயிற்றின் மேல் கையை வைத்துப் பெரிதாக வளைத்துக் காட்டினேன். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையை ஆட்டுவது போல ஆட்டினேன்.

அவர் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார். அடுத்த கணம் அந்த முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரே பாய்ச்சலில் முன்னால் போய்த் துப்பாக்கிக் குழாயின் மேல் கையை வைத்துத் தரையைப் பார்க்க அமுக்கிவிட்டார்.

முதலாளி திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் அந்தக் கடா தலையைத் தூக்கிவிட்டது. நான் அதுவரை பார்த்த எந்த மாடும் மனிதனை அப்படிப் பார்த்ததில்லை. மூக்கை மேலே தூக்கி ஒரு சீறல். அவ்வளவுதான், கூட்டம் கிளம்பியது. எங்களைத் துரத்தித்தான் வந்தனவோ, அவற்றின் வழியே அதுதானோ, எங்கள் பக்கம்தான் வந்தன. தடம் பார்ப்பவர் மாப்பிள்ளையையும் என்னையும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துப் புற்றின் பின்னால் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டார். தாம்பரம் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்கும்போது நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி, புற்றின் இரண்டு பக்கமும். தரை அதிர்ந்தது, மண் தலையில் கொட்டியது, சாண வாடை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எத்தனை கடந்து போயின என்று எண்ணத் தோன்றவில்லை. கந்தா, கந்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தம் தூரமானதும் முதல் வேலையாக ஆட்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, என்னோடு நான்கு. இன்னொரு முறை எண்ணினேன். நான்குதான்.

பிறகு தடம் பார்ப்பவர் ஆரம்பித்தார். முதலாளியிடம் அவர்கள் மொழியில், மூச்சுவிடாமல். எங்களைக் காட்டினார், மேட்டைக் காட்டினார், தன் காலைக் காட்டினார். முதலாளி என்று பார்க்காமல் வைதார் என்பது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பி, உன் மனைவி கர்ப்பமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை தலையாட்டினார்.

முதலாளி ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னதும்தான் எங்களுக்கு விளங்கியது. அவர்கள் வழக்கத்திலும் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் காட்டெருமை வேட்டைக்கு வரக் கூடாதாம். அப்படி வருகிறவனை எத்தனை பேர் நடுவிலும் எருமை தேடிப் பிடிக்கும், அவனோடு வருகிறவர்களையும் விடாது என்பது அவர்கள் நம்பிக்கை. சொந்தத் தம்பியைக் கூட அந்தக் காரணத்துக்காகத் தடம் பார்ப்பவர் ஒரு வேட்டைப் பருவம் முழுக்க வீட்டில் உட்கார வைத்திருக்கிறாராம். எங்கள் தெருக்காரரைப் போல ஊர்க்கதை கேட்கிறார் என்று நான் நினைத்தேனே, அது ஊர்க்கதை இல்லை. புதிதாக வரும் ஒவ்வொரு ஆளிடமும் காட்டுக்குள் போவதற்கு முந்தைய நாள் அவர் கேட்டே தீரும் கேள்வி அது. நேரடியாகக் கேட்டால் ஆண்கள் கூச்சப்பட்டு மறைப்பார்கள் என்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சுற்றி வருவாராம். அவர் பேசுவதை இத்தனை வருடமும் வெறும் அரட்டை என்றுதான் நினைத்திருந்தேன் என்று முதலாளியே ஒப்புக்கொண்டார்.

கடைசியில் தடம் பார்ப்பவர் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் அடங்கிவிட்டிருந்தது. சொன்னது ஆங்கிலத்தில், நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"ஃபாதர், நேத்து உங்ககிட்ட இதைத்தானே கேட்டேன்? ரெண்டு தடவை கேட்டேனே."

அதற்கு மாப்பிள்ளைதான் பேசினார். முதல் இரண்டு முறை நடந்ததை, ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பட்ட பாட்டை, அதனால்தான் இந்த முறை மறைத்ததை, அந்த மண்ணில் உட்கார்ந்தபடியே சொன்னார். எட்டு வருடத்தில் அவர் அதைப் பற்றி என்னிடம் கூட வாய் திறந்ததில்லை.

முதலாளி அவர் தோளில் கை வைத்து, முன்பே சொல்லியிருந்தால் எருமைக்குப் பதிலாக உன்னை மீன் பிடிக்கவாவது கூட்டிப் போயிருப்பேனே என்றார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனும் கூடாது சார் என்றார். தடம் பார்ப்பவர் அதைக் கேட்டதும்தான் பழையபடி அந்தப் பத்து வீட்டுச் சிரிப்பைச் சிரித்தார். அந்தத் தாடியும் இதற்காகத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றதும், தாடியைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டு, அதையாவது நீ சரியாகச் செய்தாய் என்றார்.

துப்பாக்கியை அவரே வாங்கி, உள்ளே இருந்த தோட்டாக்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையில், என் சுண்டுவிரலைவிட நீளமாக, மூன்று. போகும்போது முதலாளி போட்டதும் மூன்று. வாழ்க்கையில் எத்தனையோ சரக்கு எண்ணியிருக்கிறேன். கையிருப்பு சரியாக இருந்ததற்காகக் கந்தனுக்கு நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது. தடம் பார்ப்பவர் முடிந்தது என்று சொன்னால் முடிந்ததுதான், முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. திரும்பும்போது வரிசை மாறியது. மாப்பிள்ளையை நடுவில் விட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் இருவருமாக நடந்தோம். பள்ளம் வந்தால் முதலாளி கை கொடுத்தார், முள் வந்தால் தடம் பார்ப்பவர் விலக்கிப் பிடித்தார். மாசமாக இருப்பது மாப்பிள்ளைதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எந்த இடத்தில் இறங்கியதோ தெரியவில்லை, வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டேன். ஓடுகிற வண்டியில் நான் தூங்கியதாக என் மனைவி இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தை மட்டும் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மகள் படுத்தபடியே, என்னப்பா, சிங்கம் பார்த்தீங்களா என்று கேட்டாள். எருமைதான் பார்த்தோம், எல்லாம் கறுப்பு என்றேன்.

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை அன்றைக்கு அந்தக் கடாவைச் சுட்டிருந்தாலும் அவள் இதே மாதிரி சுகமாகப் பிறந்திருப்பாளோ என்னவோ. அந்தக் கணக்கைப் போட என்னால் முடியாது, போடவும் விருப்பம் இல்லை. அந்த மூன்று மாதமும் தடம் பார்ப்பவர் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம், குழந்தை வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிறந்த சேதி போனதும், இனிமேல் அந்த ஆள் தாராளமாக வேட்டைக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினார். வருகிறேன், துப்பாக்கி இல்லாமல் வருகிறேன் என்று மாப்பிள்ளை பதில் அனுப்பினார். சொன்னபடி, அடுத்த வருடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டிவிட்டும் வந்தார். ஆலையில் இப்போது புது மெஷினுக்கு ஆடு வெட்ட வேண்டும் என்று யாராவது வந்தால், லெக்சர் அடிப்பதற்கு முன்னால் எதற்காக என்று உட்கார்ந்து கேட்கிறாராம்.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், தனியா போய்கினு கீறீங்க? புள்ள, பேரன்லாம் எங்க கீறாங்க?" என்று ஆரம்பித்தார். முன்பெல்லாம் இவனுக்கு எதற்கு நம் வீட்டுக் கதை என்று வாயை மூடிக்கொள்வேன். ஒரு மனிதர் நம்மைக் காப்பாற்றுவதற்கு வேண்டியதைக்கூட இப்படிச் சாதாரணமாகத்தான் கேட்பார் என்று தெரிந்துவிட்ட பிறகு, என்னால் அப்படி இருக்க முடிவதில்லை. பொழிச்சலூர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.